மென்டார் என்றால் ஆலோசகரா?

போன வாரம் ஒரு மாணவியின் அம்மா ஒரு படிவத்தை என் முன்னால் நீட்டினார். பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளோடு வாரம் ஒரு மணி நேரம் பேசி, முதல் வருடத்தைத் தாண்டும்வரை கூட இருப்பது நான் சம்பளமில்லாமல் செய்யும் வேலை. ஆங்கிலத்தில் இதை மென்டார் என்பார்கள். அதைத் தமிழாக்கி, படிவத்தில் என் பெயருக்கு நேரே ‘தன்னார்வ ஆலோசகர்’ என்று அச்சிட்டிருந்தார்கள். “எம் பொண்ணுக்கு என்ன சார் கொறை? எதுக்கு ஆலோசகர்னு போட்டிருக்காங்க?” என்றார். கண் கலங்கியிருந்தது.

அவர் கேட்டதில் தப்பே இல்லை. மனநல ஆலோசகர், குடும்பநல ஆலோசகர், வரி ஆலோசகர் என்றுதான் அந்தச் சொல் புழங்குகிறது. சிக்கல் வந்தால் ஆலோசகரைத் தேடிப் போவோம், பெரும்பாலும் கட்டணமும் கட்டுவோம்.

மென்டார் கிரேக்கப் பெயர். ஹோமரின் ஒடிசி காவியத்தில், போருக்குப் போகும் ஒடிசியஸ் தன் வீட்டை ஒப்படைத்துவிட்டுப் போகும் நண்பர். அந்த மென்டாரை வைத்துப் பிரெஞ்சு எழுத்தாளர் ஃபெனலோன் எழுதிய கதை 1699இல் வெளிவந்த பிறகு அது பொதுச்சொல்லாகப் பரவியது.

ஹோமரிடமே பொருள் தெளிவாக இருக்கிறது. ஏதீனா தேவி மென்டாரின் உருவத்தில் வந்து, வீடு திரும்பாத ஒடிசியஸைப் பற்றி விசாரிக்கக் கிளம்பும் மகன் டெலிமேக்கஸோடு கப்பலேறி பைலோஸ் வரை போகிறாள். அந்த ஊர் அரசரான பெரியவர் நெஸ்டரிடம் எப்படிப் பேசுவதென்று கூசி நிற்பவனை, வெட்கப்படாமல் நீயே போய்க் கேள் என்கிறாள். அவனுக்குப் பதிலாக அவள் கேட்டுவிடவில்லை.

‘வழிகாட்டி’ போதுமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். எனக்குப் போதவில்லை. சாலையோரப் பலகையும் வழிகாட்டி, தேர்வுக்கான புத்தகமும் வழிகாட்டி, கோயிலைச் சுற்றிக் காட்டுபவரும் வழிகாட்டி. பலகை நின்ற இடத்திலேயே நிற்கும், நடப்பது நாம் மட்டும்தான். ‘நெறியாளர்’ என்றால் முனைவர் பட்ட ஆய்வுக்குக் கையெழுத்திடுபவர், இல்லையென்றால் தொலைக்காட்சி விவாதத்தில் நடுவில் உட்கார்ந்திருப்பவர்.

நம்மிடம் ‘வழித்துணை’ இருக்கிறது. தனியாக ஊருக்குக் கிளம்பும் பெண்ணைப் பார்த்து “வழித்துணைக்கு யாரும் இல்லையா?” என்று பாட்டிகள் கேட்பார்கள். ‘பயந்த தனிவழிக்குத் துணை’ என்று அருணகிரிநாதர் முருகனின் வேலையும் மயிலையும் சொன்னார். கூடவே நடப்பதும் பயம் போக்குவதும் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. வெறும் துணை என்றால் கண்டிப்பு எங்கே என்று கேட்பவருக்கு, ‘இடிக்கும் துணையார்’ என்று குறளே பதில் வைத்திருக்கிறது. தவறும்போது இடித்துச் சொல்வதும் துணையின் வேலைதான்.

இதோடு ‘ஆளர்’ ஒட்டி வழித்துணையாளர் ஆக்கிவிடாதீர்கள் என்று மொழிபெயர்ப்பாளர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். எந்தச் சொல்லைக் கண்டாலும் அதற்கொரு பதவி கொடுக்கும் பழக்கம் நமக்கு வந்துவிட்டது. அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் படுவதை எடுத்து வைக்கிறோம், அதைப் படிக்கப்போகும் அம்மாவை நினைப்பதில்லை. ‘தன்னார்வலர்’ நல்ல சொல், 2021இல் தொடங்கிய தமிழக அரசின் ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டம் அதைத் தெருத்தெருவாகக் கொண்டுபோனது. அதனால் ‘தன்னார்வ வழித்துணை’ என்று எழுதினால் யாருக்கும் புரியும்.

மறுமுனையில் இருக்கும் பிள்ளையை ‘வழிகாட்டப்படுபவர்’ என்கிறது அதே படிவம். 1904இல் நியூயார்க்கில் சிறார் நீதிமன்ற எழுத்தர் எர்னஸ்ட் கூல்ட்டர், வழக்கில் சிக்கிய பையன்களுக்கு ஆளுக்கொருவராகத் துணை நிற்கப் பெரியவர்களை அழைத்தார். அப்படி வந்த பெரியவர்களுக்கு அந்த இயக்கம் வைத்த பெயர் பெரிய அண்ணன். எங்கள் பிள்ளைகளும் அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். படிவத்தின் அந்தக் கட்டத்தில் ‘தம்பி / தங்கை’ என்று அச்சிடச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.