சும்மா கிடந்த பேட்டரி ஏன் படுத்தது?

கண்டனூர்ப் பக்கமிருந்து ஓர் ஆச்சி போன மாதம் கூப்பிட்டார். சென்னையில் மகன் வீட்டில் ஐந்து மாதம் இருந்துவிட்டு, பேத்தி கல்யாண வேலைக்காக ஊர் திரும்பி வீட்டைத் திறந்திருக்கிறார். அன்று சாயங்காலமே கரண்ட் போயிருக்கிறது. இன்வெர்ட்டர் ‘பீப்’ என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிட்டது. பேட்டரி வாங்கி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை.

“ஓட்டி ஓட்டித் தேஞ்சிருந்தா ஒத்துக்கலாம் தம்பி. வீடே பூட்டிக் கிடந்துச்சு. ஒக்காந்த எடத்துல ஒரு சாமான் எப்படிக் கெடும்?”

காரைக்குடியைச் சுற்றிப் பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்குக் குறைவில்லை என்பதால், பதிலை ஆச்சிக்கு மட்டும் சொல்லி நிறுத்தாமல் எழுதியே விடுகிறேன்.

முதலில் பாடப் புத்தகப் பகுதி, வேகமாக. பிரான்சின் காஸ்டன் பிளான்டே 1859-ல் செய்த அதே ஈய-அமில பேட்டரிதான் இன்றும் நம் வீட்டு மூலையில் இருப்பது. ஒரு தகடு ஈயம், இன்னொன்று ஈய டை ஆக்சைடு, நடுவில் நீர்த்த கந்தக அமிலம். இது சேர்ந்தது ஒரு செல். செல்லுக்கு ஏறத்தாழ 2.1 வோல்ட், ஆறு செல் சேர்ந்தால் 12.6. மின்சாரம் எடுக்க எடுக்க இரண்டு தகடுகளிலுமே ஈய சல்ஃபேட் படிகிறது, அமிலம் தண்ணீராகிக்கொண்டே போகிறது. சார்ஜ் செய்தால் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. அமிலத்தின் அடர்த்தியை ஹைட்ரோமீட்டரில் பார்த்தே பேட்டரியின் வயிறு நிறைந்திருக்கிறதா, காலியா என்று சொல்லிவிடலாம். தண்ணீரின் அடர்த்தி 1 என்று வைத்தால், இன்வெர்ட்டர் பேட்டரி நிறைந்திருந்தால் 1.240 பக்கம் காட்டும், காலியென்றால் 1.100 பக்கம்.

இனி என் மனசுக்குப் பிடித்த இடம்.

ஈய சல்ஃபேட் படிவதில் தப்பே இல்லை. அது படிந்தால்தான் பேட்டரி வேலை செய்கிறது என்றே பொருள். புதிதாகப் படியும்போது மாவு மாதிரி நுண்ணிய படிகங்களாக இருக்கும், ஒரு மைக்ரான் அளவில். சார்ஜ் ஏறும்போது நடப்பதைக் கவனியுங்கள். அந்தப் படிகம் முதலில் அமிலத்தில் கரைய வேண்டும். கரைந்து வரும் ஈய அயனிதான் (மின்னூட்டமுள்ள அணு) ஈயத் தகட்டில் எலக்ட்ரானை வாங்கி மறுபடி ஈயமாகிறது. ஈய சல்ஃபேட்டோ கரைவதில் மகா கஞ்சன்: ஒரு லிட்டர் அமிலத்தில் சில மில்லிகிராம், அவ்வளவுதான். ஆகவே எவ்வளவு வேகமாகக் கரையும் என்பது, அமிலம் தொடுகிற பரப்பு எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

சூடான பாலில் சர்க்கரை போட்டால் இரண்டு முறை ஆற்றினாலே கரைகிறது. கற்கண்டுக் கட்டி போட்டால் பாலைக் குடித்து முடித்த பிறகும் டம்ளர் அடியில் கிடக்கிறது. ஒரு சென்டிமீட்டர் பக்கமுள்ள கற்கண்டுக் கட்டியின் மொத்தப் பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதையே பத்தில் ஒரு மில்லிமீட்டர் பொடியாக்கினால் 600. எடை அதேதான், பரப்பு நூறு மடங்கு.

அப்படியானால் மாவு எப்போது கற்கண்டாகிறது? பேட்டரியைக் காலியாக்கி, சும்மா விட்டுவிட்டால்.

படிகத்தின் உள்ளே இருக்கும் ஓர் அயனியை எல்லாப் பக்கமும் அண்டை அயனிகள் பிடித்திருக்கின்றன. மேல்பரப்பில் இருப்பதற்குப் பிடிப்பு குறைவு. முனையில் இருப்பதற்கு இன்னும் குறைவு. சின்னப் படிகம் என்றால் பெரும்பாலும் மேல்பரப்பும் முனையும்தான். அதனால் சின்னப் படிகங்கள் பெரியவற்றைவிடச் சுலபமாக அயனிகளைக் கைவிடுகின்றன. அப்படிக் கழன்ற அயனி அமிலத்தில் மிதந்து போய், இறுக்கிப் பிடிக்கும் பெரிய படிகத்தின் மேல் ஒட்டிக்கொள்கிறது. சின்னது இன்னும் சின்னதாகிறது, அதனால் இன்னும் வேகமாகக் கரைகிறது, பெரியது பெருக்கிறது. லேவாதேவி செய்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: சின்னக் கை விட்டதைப் பெரிய கை பிடித்துக்கொள்ளும். வெளியிலிருந்து யாரும் எதுவும் செய்யாமலே, இருட்டில், சத்தமில்லாமல், மாசக்கணக்கில் இது நடக்கிறது. ஜெர்மானிய வேதியியலாளர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டின் பெயரால் இதை ஆஸ்ட்வால்ட் முதிர்ச்சி என்கிறார்கள். இவர் 1909-ல் வேதியியல் நோபல் வாங்கியவர். அது வினையூக்கிகள் பற்றிய வேலைக்கு.

இதைப் பார்க்க ஆய்வகம் வேண்டாம். கரண்ட் போய்ப் போய் வந்த நாளில் ஃப்ரீசரில் இருந்த ஐஸ்கிரீமைத் தின்று பாருங்கள். நறநறவென்று இருக்கும். உருகி உறைந்ததில் நுண்ணிய பனித்துகள்கள் கரைந்து பெரியவற்றோடு சேர்ந்துவிட்டன. கரண்ட் போனதில் ஐஸ்கிரீமும் பேட்டரியும் ஒரே வியாதியில் படுப்பது எனக்கு எப்போதும் வியப்புதான்.

இதில் ஒரு கொடுமையும் உண்டு. ஈய சல்ஃபேட் அடர்ந்த அமிலத்தில் கரைவதைவிட நீர்த்த அமிலத்தில் சற்று அதிகம் கரையும். பேட்டரி காலியாக இருக்கும்போதுதான் அமிலம் நீர்த்திருக்கிறது. அதாவது படிகம் முதிரக் கூடாத நேரத்தில்தான் அது முதிர வசதியும் அதிகம். சித்திரை வெயில் சேர்ந்தால் இன்னும் வேகம். தினமும் ஓடும் பேட்டரியில் படிகங்களுக்கு வயசாக நேரமே கிடைப்பதில்லை. ராத்திரி படிந்தது காலையில் கரைந்துவிடுகிறது.

ஆச்சி வீட்டில் நடந்தது இதுதான். ஊருக்குப் போகும்போது பத்திரமாக இருக்கட்டும் என்று மெயினை அணைத்திருக்கிறார்கள், இன்வெர்ட்டரை அணைக்கவில்லை. அது கரண்ட் போய்விட்டதென்று நினைத்து, சாமி அறையின் குட்டி பல்புக்காக ராத்திரி பகலாக உழைத்து, இருந்ததையெல்லாம் தீர்த்துவிட்டு அடங்கியிருக்கிறது. மீதி மாதங்களெல்லாம் காலி வயிறு.

இப்படிப்பட்ட பேட்டரியை சார்ஜ் போட்டால் ஒரு வேடிக்கை நடக்கும். படிகம் கரையவில்லை, அதனால் மின்னோட்டம் ஏற இடமில்லை, வோல்டேஜ் மட்டும் விறுவிறுவென்று ஏறுகிறது. இன்வெர்ட்டர் வோல்டேஜைப் பார்த்துதான் முடிவு செய்யும். ‘நிறைஞ்சிடுச்சு’ என்று பச்சை விளக்கைப் போட்டுவிடும். கரண்ட் போனால் ஐந்தே நிமிஷம்.

நான் போய்ப் பார்த்தபோது மல்டிமீட்டரில் 11.6 வோல்ட். ஹைட்ரோமீட்டரில் ஐந்து செல்கள் 1.110-ஐ ஒட்டி; ஓரத்துச் செல் மட்டும் 1.050. தகடுகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விட்டேன். கோடுவரை நிரப்பவில்லை, சார்ஜ் ஏறும்போது பொங்கும். இன்வெர்ட்டரிலிருந்து கழற்றி, நானும் பேட்டரி கடைத் தம்பியும் தூக்கி முகப்பில் காற்றோட்டமான இடத்தில் வைத்தோம். ஐம்பது கிலோவுக்கு மேல். தனியாளாக முயல வேண்டாம். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு சேர்ந்தாலே பொறி பட்டு வெடிக்கும். பக்கத்தில் விளக்கு ஏற்றக் கூடாது என்று ஆச்சியிடம் சொல்லிவிட்டு, என் மோதிரத்தைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். ஸ்பானரும் மோதிரமும் இரண்டு டெர்மினலையும் சேர்த்துத் தொட்டால் விரலோடு பற்றவைத்துவிடும்.

தனி சார்ஜர், உச்ச வரம்பு 5 ஆம்பியர். முதல் ஒரு மணி நேரம் வோல்டேஜ் 16-ஐத் தொட்டு நிற்க, அம்மீட்டர் முள் அரை ஆம்பியரிலேயே படுத்திருந்தது. அவசரக்காரன் இங்கேதான் பேட்டரி செத்தது என்று எழுதிவிடுவான். நான் காபி குடித்தேன். சாயங்காலம் முக்கால் ஆம்பியர். மறுநாள் காலை வந்து பார்த்தால் இரண்டரை, வோல்டேஜ் இறங்கியிருந்தது! கற்கண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வழிவிடுவதை அந்த முள் மேலேறுவதில் கண்ணால் பார்க்கலாம். மூன்றாம் நாள் மூடிகள் எல்லாவற்றிலும் நுரை பொங்கியது. ஐந்து செல்கள் 1.210-ஐத் தாண்டின. ஓரத்துச் செல் 1.150-ல் நின்றுவிட்டது, அதன் காலம் நெருங்கிவிட்டது என்று பொருள். இரண்டு ஃபேனும் ஒரு ட்யூப் லைட்டும் போட்டுப் பார்த்ததில் இரண்டே முக்கால் மணி நேரம் தாங்கியது. புதிதில் இதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் தாங்கியிருக்க வேண்டும். ஓர் ஆண்டு ஓடினால் லாபம்.

நான் வருவதற்கு முன்பே யாரோ வீடியோ பார்த்துவிட்டு வந்து, “பேதி உப்பு போட்டா உசுரு வந்துரும்” என்றாராம். மெக்னீசியம் சல்ஃபேட். நல்ல வேளை, போடவில்லை. அமிலத்தில் சல்ஃபேட் அயனி கூடக் கூட ஈய சல்ஃபேட் கரைவது குறையும். பள்ளியில் படித்த பொது அயனி விளைவு. கரைய வேண்டியதை இன்னும் கரையவிடாமல் செய்யும் மருந்து இது. அதுவும் ஹைட்ரோமீட்டரை ஏமாற்றும்: உப்பு கரைந்ததால் அடர்த்தி ஏறும், மிதவை மேலே வரும், பேட்டரி பிழைத்துவிட்டது என்று எல்லோரும் சந்தோஷப்படுவார்கள். புது அமிலம் ஊற்றுவதும் இதே ரகம். காணாமல் போன அமிலம் எங்கும் போய்விடவில்லை, தகட்டில் சல்ஃபேட்டாக உட்கார்ந்திருக்கிறது. பேட்டரியை உடைத்துத் தகட்டைச் சுரண்டிக் கழுவுகிறேன் என்று யாராவது சொன்னால் வாசலோடு அனுப்பிவிடுங்கள். ஈயம் குழந்தைகளின் மூளைக்கு விஷம்.

தரையில் வைத்தால் சார்ஜ் இறங்கும் என்றும் ஆச்சி கேட்டார். மரப்பெட்டியில் பேட்டரி செய்த காலத்துப் பேச்சு. பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருப்பதற்குத் தரை ஒரு பொருட்டே இல்லை. தடித்த சுவர் வீட்டின் குளிர்ந்த தரை அதற்கு நல்லதுதான். ஆனால் ஆத்தங்குடிக் கல்லின் மேல் நேராக வைக்காதீர்கள். அது சூளையில் சுட்டதல்ல, கண்ணாடி மேல் வார்த்த சிமெண்ட். அமிலம் ஒரு சொட்டு விழுந்தால் பொங்கி, பூவைத் தின்றுவிடும். கீழே ஒரு பிளாஸ்டிக் தட்டு போதும்.

ஆயுத பூஜைக்கு டெர்மினலில் அப்பிய சந்தனமும் குங்குமமும் இன்னும் காய்ந்து கிடந்தன. துடைத்தேன். ஈரமான பூச்சும் அமிலப் படலமும் சேர்ந்தால் இரண்டு முனைக்கும் நடுவே மெல்லிய கசிவுப் பாதை உண்டாகும். பொட்டைப் பக்கவாட்டில் வைத்தால் சாமி கோபித்துக்கொள்ளாது.

காரைக்குடியிலேயே இப்படி இருப்பதுதான் எனக்கு உறுத்தல். நாட்டின் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கேதான் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் தூக்கிக் கொடுத்ததால் வந்தது. 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அந்தக் காலத்து 15 லட்சம்! இன்று மொத்த உள்நாட்டு உற்பத்தியில் நூற்றில் ஒரு பங்கைக்கூட நாம் ஆராய்ச்சிக்குச் செலவிடுவதில்லை, அதிலும் பேட்டரி என்றால் லித்தியம் என்றுதான் எல்லோர் கண்ணும் போகிறது. வீட்டுக்கு வீடு உட்கார்ந்திருக்கும் ஈயப் பேட்டரியை நம் வெயிலில் இன்னும் இரண்டு வருஷம் கூடுதலாக ஓடவைக்கும் வேலைக்குக் காசு கொடுக்க ஆளில்லை. கோயில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடைச் சீட்டு வருகிறது, நானும் தருகிறேன். ஓர் ஆய்வு மாணவனின் உதவித்தொகைக்கு இதுவரை யாரும் என்னிடம் சீட்டு நீட்டியதில்லை.

எலக்ட்ரீஷியனிடம் சொல்லி இன்வெர்ட்டருக்கு மட்டும் மீட்டரிலிருந்து தனி லைன் இழுத்தாயிற்று. இனி வீட்டைப் பூட்டினால் மற்ற மெயினை அணைத்துக்கொள்ளலாம். அது மட்டும் சார்ஜில் இருக்கும். இன்வெர்ட்டரின் முன்பக்க ஸ்விட்ச்சையும் அணைத்துவிட்டுப் போக வேண்டும்; அது பல்புக்குக் கொடுப்பதைத்தான் நிறுத்தும், சார்ஜை அல்ல. இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, பேட்டரியில் தண்ணீர் மட்டம் காட்டும் மிதவை சிவப்புக்கு இறங்கியிருக்கிறதா என்று வீட்டைப் பார்த்துக்கொள்பவர் பார்த்து, டிஸ்டில்டு வாட்டர் விடுவார். ஏசித் தண்ணீர் வேண்டாம் என்று அவரிடம் இரண்டு முறை சொன்னேன். குழாயின் உலோகமும் தூசியும் அதில் கலந்து வரும்.

பேட்டரிக்கு மேலே கம்பியில் கட்டித் தொங்கிய எலுமிச்சம்பழத்தையும் மிளகாயையும் கழற்றலாமா என்று கேட்டேன். “மருமக கட்டுனது, அது கிடக்கட்டும் தம்பி” என்றார் ஆச்சி. டெர்மினலுக்கு நேர் மேலே கம்பி தொங்குவது ஆபத்து என்றதும், ஓர் அடி தள்ளி, நூலில் கட்டிக்கொள்ளச் சம்மதித்தார்.