ராஜ்மா பிரௌனி செய்யுமுன் தயவுசெய்து இதைப் படியுங்கள்

"ராஜ்மாவை ராத்திரியே ஊறவைத்தேன். காலையில் தண்ணீரை வடித்து, நாலு தடவை கழுவி, மிக்ஸியில் மைய அரைத்தேன். கோகோ, முட்டை எல்லாம் சேர்த்து ஓவனில் வைத்தேன். பிள்ளைகளுக்கு நல்லதாக இருக்கட்டும் என்றுதானே செய்தேன் மேடம்?"

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் ஒரு தாய் என்னிடம் இப்படிக் கேட்டார். முதல் நாள் மாலை அவரும் இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கு இரண்டு துண்டு சாப்பிட்டிருக்கிறார்கள். இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, மூவருக்கும் மாறி மாறி வாந்தி. பிறகு வயிற்றுப்போக்கு. அவசரப் பிரிவில் டிரிப்ஸ் ஏற்றி, விடியற்காலையில் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். இனிப்பே தொடாத கணவருக்கு ஒன்றும் ஆகவில்லை. முட்டைதான் கெட்டிருக்கும் என்று வீட்டில் முடிவுகட்டி, முட்டை வாங்கிய கடைக்காரரிடம் சண்டையும் போட்டாகிவிட்டது. பாவம், அந்தக் கடைக்காரர். முட்டையால் வரும் சால்மொனெல்லா தொற்று பொதுவாக ஆறு மணி நேரமாவது கழித்துத்தான் தலைகாட்டும். சாப்பிட்ட ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் இப்படிப் புரட்டி எடுத்தால் ராஜ்மாவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

உணவியல் ஆலோசகராக இதே கதையை வேறு வேறு வீடுகளிலிருந்து கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

ராஜ்மாவை ஊறவைத்தால் மட்டும் போதாது. வேகவைத்தே ஆக வேண்டும். அதில் ஃபைட்டோஹீமாக்ளூட்டினின் என்ற நச்சுப் புரதம் இருக்கிறது. வேகாத விதை நாலைந்து உள்ளே போனாலே வயிறு திரும்பிவிடும். சிவப்பு ராஜ்மாவில்தான் இது மிக அதிகம். கறுப்பு பீன்ஸ், வெள்ளை பீன்ஸ் இரண்டும் அதே இனம்தான், அவற்றில் அளவு குறைவு, அவ்வளவே.

இந்தத் தவறு எங்கே நுழைகிறது என்று பலரிடம் கேட்டுக் கேட்டுப் புரிந்துகொண்டேன். இந்த பிரௌனி அமெரிக்க வீடுகளில் பரவிய பண்டம். கோதுமை சேராதவர்களுக்கு மாவில்லாத கேக் வேண்டியிருந்தது, அங்கே அது கைகொடுத்தது. அந்தச் செய்முறையில் "ஒரு டின் கறுப்பு பீன்ஸ், வடித்துக் கழுவி அரைக்கவும்" என்று இருக்கும். டின்னில் இருப்பது ஏற்கெனவே முழுக்க வெந்த பீன்ஸ், அதனால் வேகவைக்கச் சொல்ல வேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. நம் ஊரில் அந்த டின் பெரிய கடைகளில்தான் கிடைக்கும், விலையும் அதிகம். எனவே மளிகைக்கடை ராஜ்மாவை வாங்கி, ஊறவைத்து, "வடித்துக் கழுவி அரைக்கவும்" என்ற வரிக்கு நேராகப் போய்விடுகிறோம். நடுவில் இருந்த வேகவைக்கும் வேலை காணாமல் போகிறது. குறைந்த நச்சுள்ள வெந்த கறுப்பு பீன்ஸ் இருந்த இடத்தில், அதிக நச்சுள்ள வேகாத சிவப்பு ராஜ்மா வந்து உட்கார்ந்துவிடுகிறது.

நம் கை பழக்கமும் இதற்குத் துணைபோகிறது. அடைக்கும் வடைக்கும் பருப்பை ஊறவைத்துப் பச்சையாகத்தானே அரைக்கிறோம்? துவரை, கடலைப்பருப்பு, உளுந்து எதுவும் இப்படி ஆளைப் படுத்துவதில்லை. ராஜ்மா நம் அம்மாக்கள், பாட்டிகள் புழங்கிய பயறு இல்லை, அதனால் அதைப் பற்றிய எச்சரிக்கையும் நமக்கு வழிவழியாக வந்து சேரவில்லை.

"ஓவன் 180 டிகிரி ஆயிற்றே, அதில் வேகாதா?" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். 180 என்பது ஓவனுக்குள் இருக்கும் காற்றின் சூடு. ஈரமான மாவின் நடுப்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. அதிலும் பிரௌனி நடுவில் சற்று ஈரமாக இருக்க வேண்டும் என்று அரை மணி நேரத்திலேயே வெளியே எடுத்துவிடுகிறோம். கடைசிச் சில நிமிடங்கள்தான் நடுப்பகுதி நல்ல சூட்டில் இருக்கும். அது இந்த நச்சுக்குப் போதாது. அரைவேக்காடு பச்சையைவிட மோசம் என்பதையும் நினைவில் வையுங்கள். 80 டிகிரி வரை மட்டும் சூடேறினால் நச்சுத்தன்மை ஐந்து மடங்கு வரை கூடலாம் என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் கையேடு எச்சரிக்கிறது. மெல்லிய சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்சாரப் பாத்திரங்களில் ராஜ்மாவைப் போடாதீர்கள் என்று நாங்கள் சொல்வதும் இதனால்தான்.

முளைகட்டினால் போய்விடும் என்று நம்பாதீர்கள். மில்லில் கொடுத்து அரைத்த ராஜ்மா மாவும் வேகாத ராஜ்மாதான். அந்த மாவைக் கோப்பையில் கலந்து மைக்ரோவேவில் இரண்டு நிமிடத்தில் கேக் செய்வதாகச் சொல்கிறவர்களே, தயவுசெய்து அதை விட்டுவிடுங்கள்.

ஒருவேளை சாப்பிட்டு வாந்தி வந்துவிட்டால் ஓஆர்எஸ் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பெரும்பாலோர் சில மணி நேரத்தில் தேறிவிடுவார்கள். குழந்தை துவண்டாலோ, சிறுநீர் கழிக்காவிட்டாலோ, வயதானவராக இருந்தாலோ காத்திருக்க வேண்டாம், மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அங்கே போனதும் ராஜ்மா சாப்பிட்டதை முதலில் சொல்லுங்கள். கேக் சாப்பிட்டார்கள் என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்கு எப்படித் தெரியும்?

ராஜ்மாவைச் சரியாக வேகவைக்கிறவர்களிடமும் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. என்னை அதிகம் வருத்துவதும் அதுதான்.

"மேடம், மைதாவே போடலை. சீனியும் போடலை, நாட்டுச்சர்க்கரைதான். அப்புறம் எப்படி சுகர் ஏறும்?"

ஜனவரியில் சுகர் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இப்படிக் கேட்பவர்கள் ஒருவர் இருவர் இல்லை. நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

வழக்கமான பிரௌனி ஒரு தட்டுக்கு மைதா 65 கிராம், சீனி 200 கிராம், வெண்ணெய் 115 கிராம் அளவில் போகும். மைதா எவ்வளவு குறைவு என்று பாருங்கள். அந்த 65 கிராமில் மாவுச்சத்து 50 கிராமுக்குள்தான். அதற்குப் பதிலாக நாம் போடும் வெந்த ராஜ்மா 250 கிராம். நார்ச்சத்தைக் கழித்தாலும் அதில் 40 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. மெதுவாகச் செரிக்கும் என்பது உண்மை, நல்ல விஷயம்தான். ஆனால் மொத்த அளவில் பெரிய மாற்றம் எதுவும் நடக்கவில்லை. பிரௌனியில் உடம்பைக் கெடுப்பது முதலில் சர்க்கரை, அடுத்தது வெண்ணெய். மைதாவை மட்டும் விரட்டிவிட்டு "ஆரோக்கியமானது" என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

நாட்டுச்சர்க்கரைக்கு வருவோம். 100 கிராம் நாட்டுச்சர்க்கரையில் 85 கிராமுக்கு மேல் சர்க்கரைதான். கருப்பட்டியும் பெரும்பகுதி சர்க்கரையே. தேனில் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை, உலக சுகாதார நிறுவனமும் தேனைச் சர்க்கரைக் கணக்கில்தான் சேர்க்கிறது. பேரீச்சம்பழத்தில் நார்ச்சத்து இருக்கிறது, ஆனால் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. வெள்ளைச் சீனியில் இல்லாத இரும்பும் தாதுக்களும் நாட்டுச்சர்க்கரையில் இருக்கின்றன என்பார்கள். இருக்கின்றன, கொஞ்சம். ஒரு துண்டு பிரௌனியில் வரும் ஒன்பது பத்து கிராமில் எவ்வளவு கிடைத்துவிடும்? இரும்புச்சத்து வேண்டுமென்றால் முருங்கைக்கீரை சமையுங்கள். இரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது அது வெள்ளையாக இருந்ததா, பழுப்பாக இருந்ததா என்று உடம்பு பார்ப்பதில்லை.

செய்முறைகளில் சொல்லும்படி 150 கிராம் நாட்டுச்சர்க்கரையும் 100 கிராம் சாக்லேட் துண்டுகளும் போட்டால், எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 180 கிராம் சர்க்கரை. பதினாறு துண்டாக வெட்டினால் ஒன்றில் 11 கிராம். வீட்டில் யார் பதினாறாக வெட்டுகிறார்கள்? ஒன்பதாக வெட்டுகிறோம். அப்போது ஒரு துண்டில் 20 கிராம். ஒரு நாளில் மொத்தமாகவே 25 கிராமுக்குள் நிறுத்தினால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது நலமாக இருப்பவர்களுக்கே. "நல்லதுதானே" என்று மூன்றாவது துண்டை எடுக்கும் நீரிழிவுக்காரரை நினைத்துப் பாருங்கள். சாதாரண கேக்காக இருந்திருந்தால் ஒரு வாயோடு நிறுத்தியிருப்பார். பயறு இருக்கிறதே என்ற நம்பிக்கைதான் அவரை அடுத்தடுத்த துண்டுக்குக் கூட்டிப் போகிறது.

புரதம் நிறைந்தது என்ற பேச்சும் அப்படித்தான். 250 கிராம் ராஜ்மாவும் மூன்று முட்டையும் சேர்ந்து 40 கிராம் புரதம். பதினாறு துண்டுக்குப் பங்கிட்டால் ஒன்றுக்கு இரண்டரை கிராம். ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலில் இதைப்போல நாலைந்து மடங்கு இருக்கும், சர்க்கரையே இல்லாமல்.

இரண்டு வகை நோயாளிகளுக்காகக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். இன்சுலின் போடும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், "சுகர் இல்லாத கேக்" என்று சொல்லி எதையும் கொடுக்காதீர்கள். விடுதியிலிருந்து விடுமுறைக்கு வந்த ஒரு பெண், அம்மா சொன்னதை நம்பி, பேரீச்சம்பழம் போட்ட பிரௌனிக்கு இன்சுலின் கணக்கே போடவில்லை. இரவில் சர்க்கரை 400-ஐத் தொட்டது. பேரீச்சம்பழம் போட்டோம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தப் பெண்ணே சரியாகக் கணக்கிட்டிருப்பாள்.

அடுத்தது கிரியாட்டினின் ஏறியவர்கள், அதாவது சிறுநீரகம் பழுதுபட்டவர்கள். ராஜ்மா, கோகோ, பேரீச்சம்பழம், வாழைப்பழம் எல்லாவற்றிலும் பொட்டாசியம் உண்டு. வெண்ணெய்க்குப் பதில் மசித்த வாழைப்பழம் போடுவது இப்போது வழக்கமாகிவிட்டதால், நான்கும் ஒரே துண்டில் கூடிவிடுகின்றன. பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லி மருத்துவர் எச்சரித்திருந்தால், இந்த "ஆரோக்கிய" பிரௌனியைவிடச் சாதாரண வெனிலா கேக்கில் ஒரு சின்னத் துண்டு அவருக்குப் பாதுகாப்பானது. கேட்க விசித்திரமாக இருக்கலாம், சிறுநீரக நோயாளிக்கான உணவுக் கணக்கே வேறு.

இவ்வளவு சொன்னதால் செய்யவே கூடாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மைதா சேராத சீலியாக் நோயாளிகளுக்கு இது வரப்பிரசாதம். வெண்ணெயும் பாதிக்கு மேல் குறைகிறது. முறையாகச் செய்தால் அருமையான பண்டம்.

100 கிராம் ராஜ்மாவை எட்டு மணி நேரம் ஊறவையுங்கள். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், அதில் குழம்பு வைக்க வேண்டாம். புதுத் தண்ணீர் ஊற்றி, மூடாமல் பத்து நிமிடம் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். பிறகு குக்கரை மூடி ஆறேழு விசில். பழைய ராஜ்மா என்றால் இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். விசிலை நம்பாமல் கையை நம்புங்கள்: ஒரு விதையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து அழுத்தினால், நடுவில் வெள்ளைப் பொட்டோ நறநறப்போ இல்லாமல் தோலோடு மசிய வேண்டும். ஒன்றோடு நிறுத்தாமல் மேலிருந்தும் அடியிலிருந்தும் நாலைந்து எடுத்துப் பாருங்கள். ஒன்று கெட்டியாக இருந்தாலும் மறுபடி குக்கரில் ஏற்றுங்கள்.

நன்றாக வடித்து ஆறவிட்டால் 250 கிராம் அளவுக்குத் தேறும். அதோடு மூன்று முட்டை, 40 கிராம் உருக்கிய வெண்ணெய், 40 கிராம் கோகோ பவுடர், 100 கிராம் நாட்டுச்சர்க்கரை அல்லது சீனி (எதுவானாலும் ஒன்றுதான்), அரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடர், ஒரு சிட்டிகை உப்பு. இரண்டு மேசைக்கரண்டி திக்கான காபி டிகாக்ஷன் விட்டால் கோகோவின் சுவை தூக்கலாகும், சர்க்கரை குறைந்ததும் தெரியாது. எல்லாவற்றையும் மிக்ஸியில் தோல் துணுக்கு ஒன்றுகூடத் தட்டுப்படாத அளவுக்கு ஓட்டுங்கள். 70 சதவீத டார்க் சாக்லேட் 50 கிராமை நறுக்கித் தூவி, 20 சென்டிமீட்டர் சதுரத் தட்டில் ஊற்றி, 175 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம். சூட்டோடு சாப்பிட்டால் பயறு வாசனை எட்டிப்பார்க்கும். ஓர் இரவு ஃபிரிட்ஜில் வைத்தால் அடங்கிவிடும்.

இருபது துண்டாக வெட்டுங்கள். அப்போது ஒன்றில் சர்க்கரை ஆறு கிராமுக்குள் நிற்கும். நீரிழிவு உள்ளவர்கள் சாப்பாட்டோடு சேர்த்து ஒரே ஒரு துண்டு, அன்று வேறு இனிப்பு வேண்டாம். பிரௌனிக்காகச் சாப்பாட்டைத் தவிர்த்துவிட்டு மாத்திரை, இன்சுலினை மட்டும் வழக்கம்போல எடுத்துக்கொள்ளாதீர்கள், தாழ்சர்க்கரையில் மயங்கி விழுவீர்கள். சர்க்கரை இல்லாத சாக்லேட் என்று விற்பவற்றில் மால்டிடால் என்ற மாற்று இனிப்பு இருக்கிறதா என்று அட்டையைப் பாருங்கள், அது அதிகமானால் வயிற்றைக் கலக்கும். பயறு பழகாத குழந்தைக்கு முதல் நாளே மூன்று துண்டு கொடுத்தால் வயிறு உப்பும், ஒன்று போதும். முட்டை கலந்த மாவைப் பிள்ளைகள் வழித்து நக்க விடாதீர்கள்.

இதில் ஈரம் அதிகம், சீக்கிரம் கெடும். மேசைமேல் இரண்டு நாள் வைத்திருக்கிற ப்ளம் கேக் வழக்கம் இங்கே செல்லாது. ஆறியதும் ஃபிரிட்ஜில் வையுங்கள், மூன்று நாளில் முடித்துவிடுங்கள். அக்கம்பக்கத்துக்குக் கொடுக்கும்போது டப்பாவின் மேல் ஒரு சீட்டு ஒட்டுங்கள்: ராஜ்மா, முட்டை, நாட்டுச்சர்க்கரை இத்தனை கிராம், முந்திரி போட்டிருந்தால் முந்திரி. யார் வீட்டில் யாருக்கு எது ஒவ்வாது என்று உங்களுக்குத் தெரியாது, அவர்களுக்குத் தெரியும்.