முதலில் இறங்கக் கற்றுக்கொடுங்கள்

"மேடம், யாராவது வந்தா என் பின்னாடி ஒளிஞ்சுக்கிறா. கயிறு மல்லர் கம்பத்துல சேர்த்தா கூச்சம் போயிடுமா?"

குழந்தைகளுக்கான பிசியோதெரபிஸ்ட் என்ற முறையில் பெற்றோரிடமிருந்து இந்தக் கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிறேன். மேலிருந்து தொங்கும் கயிற்றில் ஏறி, அதை உடம்பில் சுற்றிக்கொண்டு ஆடுவதுதான் கயிறு மல்லர் கம்பம். அதேபோலத் தொங்கும் நீளத் துணியில் ஆடுவது ஏரியல் சில்க். இவற்றில் பயிலும் பிள்ளைகள் தோள்வலி, மணிக்கட்டு வலி என்று என்னிடம் வருகிறார்கள். அவர்களோடு பழகிப் பழகி எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. அந்தரத்தில் ஆடும் கலை பிள்ளைகளுக்குத் தைரியம் தரும், ஆனால் அதைத் தருவது உயரம் இல்லை. எந்த இடத்திலிருந்தும் தானாக இறங்கிவிட முடியும் என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியைச் சொல்கிறேன். வகுப்பில் பெயர் கூப்பிட்டால் "உள்ளேன் மிஸ்" என்பதுகூட உதட்டோடு நின்றுவிடும். அவளுடைய மாஸ்டர் முதல் மூன்று வாரம் அவளைத் தன் தோள் உயரத்துக்கு மேல் ஏறவே விடவில்லை. இரண்டு பிடி ஏறு, இறங்கு. மூன்று பிடி ஏறு, இறங்கு. கயிற்றைக் கால் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் கவ்வி, கை மாற்றிக் கை மாற்றி இறங்க வேண்டும், சறுக்கக் கூடாது. சறுக்கினால் பருத்திக் கயிறு உள்ளங்கையிலும் தொடையிலும் தோலை உரித்துவிடும். அந்த எரிச்சலை ஒருமுறை அனுபவித்த பிள்ளை, தோல் ஆறிய பிறகும் கயிற்றுப் பக்கம் வராது.

இதற்கு நேர்மாறாக ஒரு பையனையும் பார்த்தேன். அவனை நேராக உச்சிக்கு ஏறச் சொன்னார்கள். கை தளர்ந்து அவன் கத்தியபோது, கீழே இருந்த பெரியவர்கள் "பயப்படாத, ஒண்ணும் ஆகாது" என்றார்கள். விரல்கள் விட்டுப்போவதை உணர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையிடம் சொல்லக்கூடிய பேச்சா இது? அவன் பயம் சொன்னது உண்மை. சறுக்கி விழுந்தான், நல்லவேளை, மெத்தை இருந்தது. அதன்பின் பெரியவர்கள் சொல்லும் தைரியப் பேச்சு எதையும் அவன் நம்பவில்லை.

'என்னால் முடியும்' என்ற எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் எழுதினார். தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கம், தன் உடலின் படபடப்பை எப்படிப் புரிந்துகொள்கிறோம் என்பது, ஆக நான்கு. நான்கில் வலுவானது முதலாவது. பெற்றோர் நாம் பெரும்பாலும் மூன்றாவதை மட்டுமே அள்ளி அள்ளிக் கொடுக்கிறோம்.

கயிற்றில் நான்காவதும் கைகூடுகிறது. தலைகீழாகத் தொங்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்ளும். ஆனாலும் பிடி இறுக்கமாக இருக்கும். நெஞ்சு அடித்துக்கொண்டால் விழப்போகிறோம் என்று அர்த்தம் இல்லை என்பதைப் பிள்ளை வாய்ப்பேச்சில்லாமல் கற்றுக்கொள்கிறது. மேடையிலும் வகுப்பில் எழுந்து பேசும்போதும் வருவது அதே படபடப்புதான். இன்னொன்றும் உண்டு. கயிற்றில் முடிச்சு எதுவும் கிடையாது. இடுப்பிலும் தொடையிலும் சுற்றிய சுற்றுதான் உடம்பைத் தாங்குகிறது. அது அழுத்தும்போது மூட்டுகளும் தசைகளும் 'கால் இங்கே, இடுப்பு இங்கே' என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். தன் உடம்பு எங்கே இருக்கிறது என்று தெளிவில்லாமல் அடிக்கடி இடித்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு இது பெரிய துணை.

இது நேற்று முளைத்த கலை இல்லை. மல்லர் கம்பத்தைப் பற்றிய குறிப்பு 12ஆம் நூற்றாண்டின் மானசோல்லாசம் என்ற சமஸ்கிருத நூலில் இருக்கிறது. மல்யுத்தம் செய்யும் மல்லர்களின் உடற்பயிற்சியாக மராட்டிய மண்ணில் வளர்ந்தது. 2019இல் மும்பையில் முதல் உலகப் போட்டி நடந்தது. நம் விழுப்புரத்துப் பிள்ளைகளும் இதில் பேர் சொல்லும்படி ஆடுகிறார்கள்.

மேடையேற்றம் தனி விஷயம். ஆண்டு விழாத் தேதி நெருங்கியதும் பெரியவர்களுக்கு ஆசை வந்துவிடும். போன வாரம் கற்ற கடினமான வித்தையைக் காட்டச் சொல்வார்கள். தயவுசெய்து வேண்டாம். நூறு முறை செய்து பழகியதைத்தான் மேடையில் காட்ட வேண்டும், எதைக் காட்டுவது என்பதிலும் பிள்ளைக்குப் பங்கு வேண்டும். அந்தச் சிறுமி மூன்றே நிலைகளைத் தேர்ந்தெடுத்தாள். இரண்டாவதில் சுற்று மாறிப்போயிற்று. அவிழ்த்து, ஒரு பிடி இறங்கி, திரும்பச் சுற்றி முடித்தாள். பார்த்தவர் யாருக்கும் தெரியவில்லை. கைதட்டலைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லாதவள், அந்தத் தப்பைச் சரிசெய்த கதையைப் பத்து நிமிடம் சொன்னாள். குரல் இன்னும் மெல்லியதுதான். ஆனால் பாடம் புரியவில்லை என்றால் இப்போது கை தூக்குகிறாளாம், அம்மா சொன்னார்.

சேர்ப்பதற்கு முன் ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். கயிறு எதில் மாட்டியிருக்கிறது, அதை யார் எப்போது சோதிக்கிறார், கீழே தடித்த மெத்தை இருக்கிறதா, 'வேண்டாம்' என்று சொல்லும் பிள்ளையை மாஸ்டர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். வலிப்பு, இதயக் கோளாறு, கண் அழுத்தம், காதுத் தொல்லை இருந்தால் டாக்டரைக் கேட்காமல் தலைகீழாகத் தொங்கவிடாதீர்கள். மூட்டு அளவுக்கு மீறி வளையும் பிள்ளைகளைப் பார்த்து 'ரப்பர் மாதிரி வளையுது' என்று மகிழ்ந்துபோகிறோம். அவர்களுக்குத்தான் தோள் சீக்கிரம் விலகும், வளைவதற்கு முன் வலு வேண்டும். ஓய்வெடுத்தும் சில நாட்களில் போகாத வலியைப் பொறுத்துக்கொண்டு ஆடவிடாதீர்கள்.

இன்று இரவே செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. வகுப்பில் கற்றதை வீட்டில் செய்து பார்க்கப் பிள்ளைக்குக் கை துறுதுறுக்கும். தம்பிக்குக் கட்டிய தூளி, ஜன்னல் கம்பியில் தொங்கும் துப்பட்டா எல்லாம் அதன் கண்ணில் கயிறாகத்தான் படும். துணி கழுத்தில் சுற்றிக்கொண்டால் குரலே வெளியே வராது. அடுத்த அறையில் இருந்தால்கூட உங்களுக்குக் கேட்காது. மாஸ்டர் இல்லாத இடத்தில் கயிறும் துணியும் கிடையாது என்று பிள்ளையிடம் உட்கார்ந்து பேசுங்கள். பேசிவிட்டு, பாப்பா தூங்கி எழுந்ததும் தூளிச் சேலையைக் கழற்றி மடித்து, எட்டாத அலமாரியில் வையுங்கள்.