இரண்டு குழல்களின் வேலையை ஒரு கைக்குக் கொடுக்காதீர்கள்

போன வாரம் வந்த பையனின் மணிக்கட்டில் கிரேப் பேண்டேஜ், அதற்கு மேல் தைல வாசம். "ஸ்மெத்தானாவோட வல்தவாதானே?" என்றேன். செக் இசையமைப்பாளர் ஸ்மெத்தானா ஒரு நதியைப் பற்றி ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதிய இசை அது; இந்தப் பிள்ளைகள் பியானோவில் தனியாக வாசிக்கிறார்கள். திருதிருவென்று விழித்தான். இந்த ஆண்டு இது நான்காவது கை.

மேசை மேல் வாசித்துக் காட்டச் சொன்னேன். பத்து வினாடிக்குள் தோள் காதுக்கு ஏறிவிட்டது; சுண்டுவிரல் விறைத்து மேலே நின்றது. பிசியோதெரபிஸ்டான எனக்கு அதுவே போதும்.

"வலிச்சாதான் சார் விரலுக்கு பலம் வரும்" என்றார் அப்பா. கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. ஐயா, விரலை மடக்கி நீட்டும் தசை விரலுக்குள் கிடையவே கிடையாது. உள்ளங்கையிலும் முன்னங்கையிலும் இருக்கும் தசைகள் நாண் கட்டி இழுக்கின்றன. கயிறு தேய்ந்தால் கிணறு ஆழமாகுமா? அந்த வலி, 'நிறுத்து' என்று கை சொல்வது. தைலம் போட்டு அதன் வாயை அடைக்கிறீர்கள்.

இந்த இசை எப்படி எழுதப்பட்டது என்று கொஞ்சம் பாருங்கள். 1874இல், காது முற்றிலும் கேளாமல் போன சில வாரங்களில், ஸ்மெத்தானா எழுதியது. வல்தவா நதியின் இரண்டு ஊற்றுகளில் தொடங்குகிறது. சலசலவென்று ஓடும் அந்தச் சுரங்களை இரண்டு புல்லாங்குழல்கள் மாற்றி மாற்றி வாசிக்கும். ஒருவர் மூச்சு வாங்க மற்றவர் தொடர்வார். அப்புறம் கிளாரினெட்டுகள் கைகொடுக்கும். பிரபலமான அந்த மெட்டு வரும்போது ஓட்டம் தந்திக் கருவிகளிடம் போய்விடும். ஸ்மெத்தானாவே செய்த பியானோ வடிவம்கூட நான்கு கைகளுக்கானது. ஒற்றை ஆள் பிரதியில் இத்தனை பேர் சுமையும் இரண்டு கைகளுக்கு, ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம். மூச்சு வாங்க இடமே இல்லை.

வாசிக்காதீர்கள் என்று சொல்லவில்லை. பாதி வேகத்தில் பழகுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கையைத் தொங்கவிடுங்கள். நதி சீறிப் பாயும் பகுதியைக் கடைசியில் கற்றுக்கொள்ளுங்கள். எல்லாரும் அங்கேதான் குத்துகிறார்கள். விரல் மரத்துப்போனாலோ, இரவில் வலி எழுப்பினாலோ, வாசிப்பை நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள். போட்டிக்கு ஒரு வாரம்தான் இருக்கிறது என்று என்னிடம் பேரம் பேசாதீர்கள், தயவுசெய்து.

பையனுக்கு மூன்று வாரம் ஓய்வு. அக்காவும் வாசிப்பாளாம், நான்கு கை பிரதியை வாங்கச் சொல்லியிருக்கிறேன். மேல் பாதி தனக்குத்தான் வேண்டும் என்று அப்போதே ஆரம்பித்துவிட்டான். கீழ் பாதிதான் என்று சீட்டிலேயே எழுதிக் கொடுத்தேன்.