அவகாசம், அவசரம், ஒழிச்சல்

சோழவந்தானிலிருந்து என் மாமா ஒருநாள் மாலை மதுரையில் இருக்கும் என் வீட்டுக்கு மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். இடுக்கி மலையில் அவருடைய தகப்பனார் காலத்து ஏலத்தோட்டம் ஒன்று உண்டு. அதன் பங்கைப் பற்றி அங்குள்ள ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டதற்கு, ‘நிங்ஙள்க்கு அதில் அவகாசம் இல்லா’ என்று மறுமொழி வந்திருக்கிறது. “அவகாசம் இல்லைன்னுட்டாக மாப்பிள்ளை, வெரசாக் கெளம்பி நாளைக்கே போயாகணும்” என்றார் மாமா. மலையாளத்தில் அவகாசம் என்றால் உரிமை. நாள் இல்லை என்று அந்த மனிதர் சொல்லவில்லை. பங்கே இல்லை என்று சொல்லியிருக்கிறார். அதை மாமாவுக்கு விளக்கி உட்கார வைப்பதற்குள் எனக்கு நெடுநேரம் ஆயிற்று. அன்றிலிருந்து இந்தச் சொல்லின் பின்னே நான் போய்க்கொண்டிருக்கிறேன்.

அவகாசம் வடமொழிச் சொல். ‘அவ’ என்னும் முன்னொட்டும், ஒளிர்தல், தோன்றுதல் என்று பொருள்படும் ‘காச்’ என்னும் வேரும் சேர்ந்து உண்டானது. ஆகாசம், பிரகாசம் ஆகியவையும் இதே வேரில் பிறந்தவை; காசி என்ற ஊர்ப்பெயரையும் மரபாக இந்த வேரோடு சேர்த்தே சொல்வார்கள். மறைப்பு ஏதுமின்றித் திறந்து கிடக்கும் வெளி என்பதே இச்சொல்லின் அடிப்படைப் பொருள். அந்த வெற்றிடம் மெல்ல மெல்ல, ஒன்றைச் செய்வதற்கான இடமாகவும், வாய்ப்பாகவும், இரண்டு வேலைகளுக்கு நடுவே கிடைக்கும் பொழுதாகவும் விரிந்தது. தமிழர் அந்தக் கடைசிப் பொருளை எடுத்துக்கொண்டனர். ‘கால அவகாசம்’ என்று நாம் எழுதுவதைக் கூறியது கூறல் என்று சிலர் திருத்துவதுண்டு; அவகாசம் என்பதன் முதற்பொருள் இடவெளி என்று தெரிந்தால், காலத்தில் கிடைக்கும் வெளி என்ற அத்தொடர் பிழையாகத் தோன்றாது.

மற்ற மொழிகள் வேறு வேறு நுனிகளைப் பிடித்துக்கொண்டன. மலையாளத்தில் மனித உரிமை ‘மனுஷ்யாவகாசம்’. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் அங்கே ‘விவராவகாச நியமம்’. ஒருவருக்கு ஒன்றில் இடம் உண்டு என்பதே அவருக்கு அதில் உரிமை உண்டு என்றாகியிருக்க வேண்டும் என்று நான் கருதுகிறேன். நம் ஊரிலும் ‘அந்த வீட்டுல எனக்கு இடமில்லையா?’ என்று கேட்பவர் உரிமையைத்தானே கேட்கிறார். தெலுங்கிலும் கன்னடத்திலும் அது வாய்ப்பு. இந்தியில் ‘அவகாஷ்’ என்பது விடுமுறை. பணி ஓய்வு பெற்றவரை ‘அவகாஷ் ப்ராப்த்’ என்பார்கள். குஜராத்தியில் பழைய பொருள் அப்படியே நிற்கிறது: அங்கே அவகாஷ் என்றால் விண்வெளி.

இதே குழப்பம் அவசரத்திலும் உண்டு, இன்னும் கூடுதலாகவே உண்டு. வடமொழி ‘அவசரம்’ என்பதன் வேர் ‘ஸ்ரு’, அதாவது செல்லுதல், இயங்குதல். அவகாசத்தில் வரும் சகரம் வேறு, அவசரத்தில் வரும் சகரம் வேறு. மலையாளமும் தெலுங்கும் இவற்றை இரண்டு எழுத்தால் எழுத, நாம் இரண்டையும் ஒரே ‘ச’வால் எழுதுவதால் வேர் வேறுபாடு கண்ணுக்குப் படுவதில்லை. தக்க சமயம், ஏற்ற வேளை என்பது அவசரத்தின் மூலப்பொருள். மலையாளத்திலும் இந்தியிலும் இன்றும் அவசரம் என்றால் வாய்ப்புதான். திருவரங்கம் கோயிலில் பெருமாளுக்கு அமுது படைப்பதைப் ‘பெரிய அவசரம்’ என்று வழங்குகிறார்கள். அங்கே விரைவோ பதற்றமோ இல்லை, உரிய வேளை என்ற பொருளே தங்கியிருக்கிறது. தெலுங்கில் ‘நாகு டப்பு அவசரம்’ என்றால் எனக்குப் பணம் தேவை என்று பொருள். அவர் பொறுமையாகவே கேட்கக்கூடும். விரைவுக்குத் தெலுங்கர் சொல்வது ‘தொந்தர’. அதே சொல் கன்னடத்தில் தொல்லையைக் குறிக்கும், நம்முடைய தொந்தரவைப் போல. தமிழும் கன்னடமும் அவசரத்தைப் பரபரப்பாக்கிக்கொண்டன.

ஆக, தமிழில் அவசரமும் அவகாசமும் ஒன்றுக்கொன்று எதிரானவை. அவகாசம் இல்லாதபோதுதான் அவசரம் வரும். வடமொழியிலோ இரண்டும் வாய்ப்பு என்ற பொருளில் கிட்டத்தட்ட ஒன்றாகிவிடுகின்றன. இதனால், பிறமொழி ஆவணத்தைத் தமிழாக்குபவர் இச்சொற்களைக் கண்டவுடன் அப்படியே தமிழெழுத்தில் பெயர்த்து வைப்பது கூடாது. எந்த மொழியிலிருந்து வருகிறது என்று பார்த்து, உரிமை, வாய்ப்பு, தேவை, விடுமுறை என்று அதற்குரிய தமிழ்ச் சொல்லை இட வேண்டும். மாமாவின் தோட்டக் காரியத்தில் இன்னொரு சொல்லும் இப்படி வழிமறித்தது. ‘ஆதாரம் கொண்டு வாருங்கள்’ என்று கேட்டிருக்கிறார்கள். மாமா அடையாள அட்டையை எடுத்து வைத்திருந்தார். மலையாளத்தில் ஆதாரம் என்பது கிரையப் பத்திரம்.

சரி, நாம் வழங்கும் பொருளுக்குத் தமிழ் என்ன? அவசரத்துக்கு விடை எளிது. மதுரை வட்டாரத்தில் ‘வெரசா வா’, ‘சுருக்கா வா’ என்பது நாள்தோறும் காதில் விழும். வெரசு என்பது விரைவின் பேச்சு வடிவம். பதறிக்கொண்டு செய்வதற்குப் பதற்றம் இருக்கிறது, நாட்டுக்கோ வீட்டுக்கோ நேரும் இக்கட்டுக்கு நெருக்கடி இருக்கிறது.

அவகாசத்துக்குத்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ‘கெடு’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. ஆனால் கெடு என்பது முடிகிற எல்லை, அவகாசம் என்பது அந்த எல்லை வரைக்கும் உள்ள வெளி. கடன்காரர் விதிப்பது கெடு. கடன்பட்டவர் கேட்பது அவகாசம். நீதிமன்றத்தில் ‘வாய்தா’ என்பார்கள். வழக்குக்கு நாள் தள்ளிக் கேட்பதால் அது ‘வாய்’ என்பதிலிருந்து வந்ததாகச் சிலர் நினைக்கிறார்கள். அது அரபு மூலம் கொண்ட சொல். இந்தியில் ‘வாதா’ என்று வாக்குறுதியைக் குறிக்கும். பணம் கட்டவோ விளக்கம் தரவோ நாள் கேட்குமிடத்தில் ‘தவணை’ பொருந்தும். ‘ஒரு மாதத் தவணை தருமாறு வேண்டுகிறேன்’ என்று மனுவில் எழுதினால் யாருக்கும் புரியும்.

வேலைக்கு நடுவே கிடைக்கும் வெறும் பொழுது என்ற பொருளுக்கு நம்மிடம் ‘ஒழிச்சல்’ இருக்கிறது. ஓய்வு ஒழிச்சல் இல்லாமல் உழைக்கிறாள் என்று சொல்லும்போது அதைச் சொல்லிவிடுகிறோம். தனியாக எடுத்து எழுத மட்டும் தயங்குகிறோம். கொசு ஒழிப்பு, ஊழல் ஒழிப்பு என்று கேட்டுக் கேட்டு, ஒழித்தல் என்றாலே அழித்தல் என்ற எண்ணம் படிந்துவிட்டதே காரணம். ஆனால் பாத்திரத்தை ஒழித்துவை என்றால் உள்ளதை மாற்றிக் காலியாக்கிவை என்று பொருள். வீட்டை ஒழித்துக் கொடு என்றால் காலிசெய்து கொடு என்று பொருள். ‘இன்னிக்கு ஒழியலை, நாளைக்கு வாரேன்’ என்று என் அத்தை சொல்வது, பொழுதில் காலியிடம் இல்லை என்பதைத்தான். வடமொழி அவகாசம் வெளியிலிருந்து காலத்துக்கு நடந்த அதே வழியை ஒழிவும் தானாகவே நடந்திருக்கிறது. மலையாளத்தில் ‘ஒழிவு’ இன்றும் காலிப் பணியிடத்தையும் ‘ஒழிவுதிவசம்’ விடுமுறை நாளையும் குறிக்கின்றன. ‘ஒழிவு நேரத்தில் வந்து பாருங்கள்’ என்று நான் இப்போதெல்லாம் கடிதங்களில் எழுதுகிறேன். இதுவரை ஒருவரும் பொருள் கேட்டதில்லை.