சொல் விளக்கம்: ரீபிராண்டிங்

2025 மார்ச் 12 அன்று பிரிட்டனின் 'சேனல் 5' தொலைக்காட்சி தன் பெயரில் இருந்த 'சேனல்' என்ற சொல்லைக் கழற்றிவிட்டது. அன்று முதல் அது வெறும் '5'. 'மை5' என்று தனிப் பெயரில் ஓடிக்கொண்டிருந்த அதன் ஸ்ட்ரீமிங் சேவையும் அதே '5'க்குள் வந்து சேர்ந்தது. இப்படி ஒரு செய்தி வரும்போது ஆங்கிலத்தில் போடும் சொல் ரீபிராண்டிங். தமிழில் எழுதப்போனால் கை தானாக 'பெயர் மாற்றம்' என்று எழுதும். எழுதிவிட்டுப் பார்த்தால் பாதிச் செய்தி வெளியே நிற்கும். அந்த ஒளிபரப்பு உரிமத்தை வைத்திருக்கும் நிறுவனத்தின் சட்டப்பூர்வப் பெயர் தொடக்கத்திலிருந்தே 'சேனல் 5 பிராட்காஸ்டிங் லிமிடெட்'. அது மாறவே இல்லை. கம்பெனி பெயர் அப்படியே இருக்க, பார்க்கிறவர் மனதில் பதிகிற பெயர், எழுத்தின் வடிவம், நிறம், அறிவிப்புக் குரல், திரை மூலையில் நிற்கும் லோகோ இவையெல்லாம் மாறுகின்றனவே, அதைத்தான் ரீபிராண்டிங் என்கிறார்கள்.

சொல்லின் வேரைப் பார்த்தால், 'பிராண்ட்' நெருப்பிலிருந்து வந்தது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு எரியும் கட்டை, கொள்ளி என்று பொருள். எரிதலைக் குறிக்கும் 'பர்ன்' என்ற சொல்லும் இதுவும் ஒரே ஜெர்மானிய வேரில் கிளைத்தவை. பிராந்தியும் இந்தக் குடும்பம்தான். காய்ச்சி வடித்த மதுவை டச்சுக்காரர்கள் 'எரித்த வைன்' என்ற பொருளில் அழைத்தார்கள். ஆங்கிலத்துக்கு வரும்போது வைன் உதிர்ந்து எரிந்த பகுதி மட்டும் மிஞ்சியது. அப்புறம், 16ஆம் நூற்றாண்டு வாக்கில் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் போடும் சூட்டு அடையாளத்துக்கும் இதுவே பெயராயிற்று. மாட்டின் தொடையில் போட்டார்கள், குற்றவாளிகளின் தோலில் போட்டார்கள், பீப்பாய்களின் மரத்தில் போட்டார்கள். 19ஆம் நூற்றாண்டில்தான் பொருள் கைமாறியது. பீப்பாய் மேல் இருந்த சூடு, உள்ளே இருக்கும் சரக்கு யாருடையது, எந்தத் தரத்தது என்று சொல்லத் தொடங்கியது. அங்கிருந்து சோப்புக்கும் தேயிலைக்கும் சட்டைக்கும், கடைசியில் தொலைக்காட்சிக்கும் வந்து சேர்ந்தது.

அமெரிக்காவின் டெக்சாஸில் சாமுவேல் மேவரிக் என்று ஒருவர் இருந்தார். தன் மாடுகளுக்கு அவர் சூடு போடாமல் விட்டார். சூடு இல்லாமல் திரியும் கன்றுக்கெல்லாம் 'மேவரிக்' என்றே பெயர் வந்து, பிறகு எந்தக் கூட்டத்திலும் சேராத ஆளையும் அப்படி அழைத்தார்கள். பிராண்ட் இல்லாததற்கும் ஒரு பெயர் கிடைத்துவிட்டது, பாருங்கள்.

சூடு நமக்கும் புதிதல்ல. 'நல்ல மாட்டுக்கு ஒரு சூடு' என்கிறோம். ஆனால் அந்தச் சூடு திருத்துவதற்கு. யாருடைய மாடு என்று காட்டுவதற்கு இல்லை. ரீபிராண்டிங்கோடு உறவாடுவது இன்னொரு பழமொழி: புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதை. உடம்பில் வரி விழுந்தால் புலியாகிவிடலாம் என்று கணக்குப் போட்ட அந்தப் பூனைக்கு விளம்பரத் துறையில் நல்ல வேலை கிடைத்திருக்கும். ஒரு ரீபிராண்டிங் நடக்கும்போது கேட்க வேண்டிய கேள்வியும் இதுதான். மாறியது வரியா, விலங்கா?

சேனல் 5இன் கதையை இந்தக் கேள்வியோடு படிக்கலாம். முதலில் அந்தப் பெயரே பெயரல்ல, வரிசை எண். பிபிசி தொலைக்காட்சி 1936இல் வந்தது, ஐடிவி 1955இல், பிபிசி 2 1964இல், சேனல் 4 1982இல். வீட்டு ஆன்டெனாவில் கிடைக்கும் ஐந்தாவது நிலையம் என்பதால் இது 5. உரிமத்தை ஏலத்தில் எடுத்தவர்கள் ஆண்டுக்கு 2,20,02,000 பவுண்டு தருவதாக எழுதிக் கொடுத்து 1995இல் அதைப் பெற்றார்கள். அந்த வால் 2,000 பவுண்டை எதற்காகச் சேர்த்தார்கள் என்பது ஏலம் எடுத்துப் பழகியவர்களுக்குப் புரியும்.

'சேனல்' என்ற சொல்லையும் இங்கே கவனிக்க வேண்டும். லத்தீனில் குழாய், வாய்க்கால் என்று பொருள்படும் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. 'கெனால்' இதன் உடன்பிறப்பு. ஒளிபரப்பில் அது ஒரு நிலையத்துக்கு ஒதுக்கிய அலைவரிசைத் துண்டு. சேனல் 5க்கு அந்தத் துண்டுதான் தலைவலி ஆனது. பல இடங்களில் அதற்குக் கிடைத்தவை யுஎச்எஃப் 35, 37 என்ற தடங்கள். பிரிட்டன் வீடுகளில் இருந்த வீடியோ டெக்குகள் படத்தை டிவிக்கு அனுப்பியது அவற்றை ஒட்டிய 36இல். சேனல் 5 ஒளிபரப்பைத் தொடங்கினால், டெக்கில் படம் பார்க்கிறவர் திரையில் கோடு கோடாக ஓடும். ஆகவே புது நிலையம் தன் செலவில் வீடு வீடாக ஆள் அனுப்பியது. வந்தவர் டெக்கைத் திருப்பி வைத்து, பின்புறம் இருக்கும் சின்னத் திருகைத் திருகி, அதை வேறு தடத்துக்கு நகர்த்திவிட்டு, டிவியையும் அதற்கேற்ப மறுபடி டியூன் செய்துவிட்டுப் போவார். பல லட்சம் வீடுகள். இந்த வேலை இழுத்ததில், ஜனவரியில் நடக்க வேண்டிய தொடக்கம் ஈஸ்டர் வரை தள்ளிப்போனது. ஒரு நிகழ்ச்சிகூட ஒளிபரப்பாகும் முன்னால் மக்கள் சேனல் 5ஐ அறிந்தது கதவைத் தட்டிய ஒரு மெக்கானிக் வழியாகத்தான். விளம்பரப் படத்தைவிட அது ஆழமாகப் பதிந்திருக்கும் என்பது என் எண்ணம்.

1997 மார்ச் 30, ஈஸ்டர் ஞாயிறு மாலை ஸ்பைஸ் கேர்ள்ஸ் என்ற பாப் குழு பாட, நிலையம் திறந்தது. பல நிற வரிகள்தான் அதன் அடையாளம் (பூனையை நினைத்துக்கொள்ளாதீர்கள்). திரையின் மூலையில் லோகோ நிரந்தரமாக நின்றது. செய்தி வாசித்த கிர்ஸ்டி யங் மேசைக்குப் பின்னால் உட்காரவில்லை, மேசை மேலேயே சாய்ந்து அமர்ந்தார். அதுவரை செய்தி என்றால் கோட்டும் மேசையும்தான் என்றிருந்த ஊரில் அது பெரிய பேச்சானது. இதுவும் பிராண்டில் சேர்த்தி. ஒருவர் எப்படி உட்காருகிறார் என்பது பெயரில் வராது, ஆனால் அடையாளத்தில் வரும். கெட்ட பெயரும் சேர்ந்தே வந்தது. சேனல் 5 என்றால் ஆங்கிலத்தில் எஃப் எழுத்தில் தொடங்கும் மூன்று சங்கதிகள் என்று கேலி செய்தார்கள். ஒன்று சினிமா, ஒன்று கால்பந்து, மூன்றாவதை இங்கே எழுத முடியாது. நள்ளிரவு நிகழ்ச்சிகள் அப்படி.

அந்தப் பெயரைக் கழுவத்தான் 2002 செப்டம்பர் 16 அன்று முதல் ரீபிராண்டிங் நடந்தது. 'சேனல் 5' போய் 'ஃபைவ்' வந்தது. எண்ணாக இருந்தது எழுத்தானது, அதுவும் ஆங்கிலச் சிறிய எழுத்தில். நம் எழுத்தில் பெரியது சிறியது என்ற பேதம் இல்லாததால் இந்த அடக்கம் நமக்கு அவ்வளவாக உறைக்காது. அங்கே, சத்தம் போடாமல் பேசுகிற ஆள் என்ற தோற்றத்தை அது தருகிறது. நிகழ்ச்சியும் கூடவே மாறியது என்பதுதான் முக்கியம். ஓவியம், வரலாறு பற்றிய ஆவணத் தொடர்கள் வந்தன, அமெரிக்கக் குற்றப் புலனாய்வுத் தொடர்கள் வந்தன. வரி மட்டும் அல்ல, விலங்கும் கொஞ்சம் மாறியது.

ஆனால் 'ஃபைவ்' ஒரு பெயராக எனக்கு உவப்பில்லை. 'ஃபைவில் என்ன?' என்று கேட்டால் மணியைக் கேட்கிறார்களா, நிலையத்தைக் கேட்கிறார்களா என்று ஒரு கணம் யோசிக்க வேண்டும். தங்கை நிலையங்களின் பெயர்களும் நிலைக்கவில்லை. 2006இல் 'ஃபைவ் லைஃப்' என்று ஒன்று வந்தது, இரண்டே ஆண்டில் 'ஃபைவர்' ஆனது, 2011இல் '5' பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுக்கொண்டது.

2010இல் பத்திரிகை முதலாளி ரிச்சர்ட் டெஸ்மண்ட் நிலையத்தை 10.35 கோடி பவுண்டுக்கு வாங்கினார். 2011 பிப்ரவரி 14 அன்று பெயர் திரும்ப 'சேனல் 5' ஆனது. எட்டு ஆண்டுக்கு மேல் செலவழித்து ஊன்றிய பெயரைப் புது முதலாளி ஒரே நாளில் பிடுங்கிவிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டில் பிக் பிரதர் நிகழ்ச்சி சேனல் 4இலிருந்து இங்கே குடிபெயர்ந்தது. 2014இல் அவர் வயாகாம் என்ற அமெரிக்க ஊடக நிறுவனத்துக்கு 45 கோடி பவுண்டுக்கு விற்றபோது, பழைய பெயருக்குத் திரும்பியதால் நஷ்டம் ஒன்றும் வந்ததாகத் தெரியவில்லை. 2016இல் புது லோகோ, புது நிறம். ஸ்ட்ரீமிங் சேவை 'டிமாண்ட் 5' அப்போதுதான் 'மை5' ஆனது. நிலையத்தின் பெயரைத் தொடவில்லை.

ஆக, 2025இல் 'சேனல்' இரண்டாம் முறையாக உதிர்ந்திருக்கிறது. இம்முறை காரணம் வேறு. 2002இல் கெட்ட பெயர் துரத்தியது, இப்போது துரத்துவது ஸ்ட்ரீமிங் செயலி. ரிமோட்டில் ஐந்தை அமுக்குகிறவரும் போனில் செயலியைத் திறக்கிறவரும் ஒரே இடத்துக்கு வர வேண்டும். செயலிக்கு ஏது அலைவரிசை? டெக்கின் திருகைத் திருகித் திருகி இடம் பிடித்த 'சேனல்' என்ற சொல்லுக்கு அங்கே வேலை இல்லை. வரிசை எண் மட்டும் தங்கிவிட்டது. இத்தனைக்கும் செயலிகளின் வரிசையில் அது ஐந்தாவதும் அல்ல.

பக்கத்து வீட்டுக் கதை ஒன்றும் உண்டு, சுருக்கமாகச் சொல்லலாம். பழைய பிபிசி நிகழ்ச்சிகளை மறுஒளிபரப்பு செய்துவந்த 'யுகேடிவி ஜி2' என்ற நிலையம் 2007 அக்டோபர் 15 அன்று தன் பெயரை 'டேவ்' என்று மாற்றிக்கொண்டது. டேவ் என்றால் டேவிட் என்பதன் செல்லச் சுருக்கம், பிரிட்டனில் தெருவுக்கு ஒருவர் இருப்பார். நிகழ்ச்சிகள் பெரும்பாலும் பழையவைதான், ஆனால் யாருக்கும் வாயில் நுழையாத எழுத்துக் கோவை போய் ஒரு நண்பன் வந்துவிட்டான். பார்வையாளர்களும் வந்தார்கள். வெறும் வரி போட்டுக்கொண்டே ஜெயித்த பூனை இது. அந்தத் துணிச்சலில், ஒரு மணி நேரம் தாமதமாக ஓடும் அதன் நகல் நிலையத்துக்கு 'டேவ் ஜா வூ' என்று பெயர் வைத்தார்கள். முன்பே பார்த்தது போலத் தோன்றுவதைக் குறிக்கும் 'டேஜா வூ' என்ற பிரெஞ்சுத் தொடரைத் திருகியது. 2024 ஜூலையில் அதன் தாய் நிறுவனம் தன் நிலையப் பெயர்களுக்கு முன்னால் 'யு' சேர்க்கத் தொடங்கியதில் அது 'யு அண்ட் டேவ்' ஆகிவிட்டது. தேவையில்லாத ஒட்டு என்பேன்.

சரி, தமிழில் என்ன சொல்வது?

'மறுபெயரிடல்' கணினியில் ஒரு கோப்பின் பெயரை மாற்றுவதற்குச் சரியான சொல். ரீபிராண்டிங்குக்குப் போதாது. 'இலச்சினை மாற்றம்' லோகோவோடு நின்றுவிடும். 'மறுமுத்திரையிடல்' என்று சிலர் எழுதுகிறார்கள். முத்திரை என்றதும் தபால் ஆபீசும் பத்திரப் பதிவும்தான் கண்ணில் வருகின்றன. வணிகக்குறி என்பது டிரேட்மார்க்குக்குச் சட்டத்தில் புழங்கும் சொல், அதைக் கடன் வாங்கி 'மீள்வணிகக்குறியாக்கம்' என்று ஆக்கினால், உச்சரித்து முடிப்பதற்குள் அந்த நிலையம் இன்னொரு பெயருக்குப் போய்விடும். 'புதுப்பொலிவு' நல்ல சொல், ஆனால் வேறு வேலைக்கு. பெயர் அப்படியே இருக்க நிறமும் லோகோவும் மட்டும் மாறிய 2016ஐ 'சேனல் 5 புதுப்பொலிவு பெற்றது' என்று தாராளமாக எழுதலாம். விளம்பரத் துறையிலும் இந்த இரண்டையும் பிரித்துத்தான் பேசுகிறார்கள்.

பேச்சில் பிராண்டுக்கு நம்மிடம் சொல் இருந்தது: மார்க். தீப்பெட்டியும் பட்டாசும் வாங்கும்போது 'என்ன மார்க்?' என்றுதான் கேட்டோம். துணிக்கடையில் 'கம்பெனி சட்டை' என்றால் பிராண்ட் உள்ள சட்டை. இரண்டும் உயிருள்ள சொற்கள், ஆனால் ரீபிராண்டிங் என்ற செயலாக அவை வளையவில்லை.

என் தேர்வு 'அடையாள மாற்றம்'. பெயர், லோகோ, நிறம், குரல், மேசை மேல் உட்காருவது எல்லாம் 'அடையாளம்' என்ற சொல்லில் அடங்கும். ஆளைப் பற்றிய செய்தியோ என்ற குழப்பம் வரக்கூடிய இடத்தில் முதல் முறை 'வணிக அடையாள மாற்றம்' என்று எழுதிவிட்டுப் பிறகு சுருக்கிக்கொள்ளலாம். வினையாக வேண்டுமானால் 'புது அடையாளம் சூட்டினார்கள்'. பெயரையும் மகுடத்தையும் சூட்டுகிறோம். இரும்பால் சுடுவதும் சூடுதான். இரண்டும் ஒரே சொல் என்று சாதிக்க மாட்டேன். இருந்தாலும் காதுக்கு அந்த நெருப்பு வாசம் கொஞ்சம் கிடைக்கிறது, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

இப்படி எழுதலாம்: 'சேனல் 5 நிலையம் 2002இல் அடையாள மாற்றம் செய்து ஃபைவ் ஆனது.' 'வயாகாம் வாங்கிய பிறகு நிலையத்துக்குப் புதுப்பொலிவு தந்தது.' 'செயலியும் நிலையமும் 5 என்ற ஒரே அடையாளத்தின் கீழ் வந்தன.' சேனல் என்பதைப் பொதுச் சொல்லாக வரும் இடத்தில் நிலையம், அலைவரிசை என்று மாற்றலாம். ஆனால் பெயராக வரும் இடத்தில் கை வைக்கக் கூடாது. 'அலைவரிசை ஐந்து' என்று எழுதினால் அந்த ஊர்க்காரருக்கே அது எந்த நிலையம் என்று தெரியாது. 2002 முதல் 2011 வரையிலான காலத்தைப் பற்றி எழுதினால் 'ஃபைவ்', 2025 மார்ச்சுக்குப் பிறகு என்றால் எண்ணாகவே '5', மற்ற ஆண்டுகளுக்கெல்லாம் 'சேனல் 5'.