பாம்பாட்டி மகுடியும் விண்வெளிப் பாட்டும்: ரெண்டும் ஒரே பெட்டிச் சத்தம்

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் வீட்டு ஸ்பீக்கர்ல 'டெல்ஸ்டார்'னு ஒரு சாட்டிலைட் பேர வச்ச பாட்டப் போட்டிருந்தேன். 1962-ல லண்டன்ல வந்தது, டார்னடோஸ்னு அஞ்சு பேர் சேர்ந்த ஒரு குழு வாசிச்சது, பாட்டுன்னு சொல்றோமே தவிர வார்த்தையே கிடையாது, மூணு நிமிஷத்துக்கும் கொஞ்சம் மேல வெறும் ட்யூன்தான். ராக்கெட், சாட்டிலைட், நிலான்னு ஊரே வானத்தப் பாத்துக்கிட்டிருந்த காலத்துல விண்வெளிய வச்சு எத்தனையோ பாட்டு வந்துச்சு, அதுல எனக்கு உயிர் இதுதான். கிச்சன்ல இருந்து அம்மா எட்டிப் பாத்து, "என்னடா, நாகின் பட மகுடியா இது?"ன்னு கேட்டாங்க.

அம்மா காது நூத்துக்கு நூறு கரெக்ட். 1954-ல வந்த 'நாகின்' இந்திப் படத்துல பாம்பாட்டி ஊதற மாதிரி வருமே ஒரு சத்தம், அது மகுடியே கிடையாது. கிளாவியோலின்னு ஒரு எலக்ட்ரிக் பெட்டி, அத வாசிச்சவர் பின்னாடி கல்யாண்ஜி-ஆனந்த்ஜின்னு பேர் வாங்கின கல்யாண்ஜி, படத்துக்கு மியூசிக் ஹேமந்த் குமார். டெல்ஸ்டார்ல ட்யூன தூக்கிட்டுப் போறதும் அதே கிளாவியோலின் வகையறாதான் (இங்கிலாந்துல ஜென்னிங்ஸ் கம்பெனி போட்ட யூனிவாக்ஸும் இதே ரகம், ரெண்டும் சத்தத்துல அக்கா தங்கச்சி). ஒரு ஊர்ல பாம்பு, இன்னொரு ஊர்ல சாட்டிலைட். ஒரே மாதிரி சத்தம் எப்படி ரெண்டு வேஷமும் கட்டுச்சுங்கறதத்தான் எழுத வந்தேன், ஏன்னா இதுக்குள்ள இருக்கற இயற்பியல் அவ்வளவு அழகு.

பெட்டில இருந்து ஆரம்பிக்கலாம். 1947-ல ஃபிரான்ஸ்ல கான்ஸ்டன்ட் மார்ட்டின்னு ஒருத்தர் உருவாக்கினது. மூணு ஆக்டேவுக்கு (ஸ்தாயிக்கு) சின்னதா ஒரு கீபோர்டு, பியானோவுக்கு அடியில மாட்டிக்கலாம், ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் தனியா ஒரு பெட்டில. முழங்கால்ல ஒரு லீவர் இடிக்கும், அத தள்ளினா சத்தம் கூடும் குறையும். ஒரு நேரத்துல ஒரு ஸ்வரம்தான் பேசும், ரெண்டு கட்டைய சேத்து அமுக்கினாலும் ஒண்ணுதான் கேக்கும். உள்ள இருக்கறது எல்லாம் பழைய ரேடியோல செவப்பா எரியுமே, அந்த வால்வுதான்.

அந்த வால்வுகள் செய்யற வேலை ரொம்ப எளிமை. ரெண்டு வால்வ எதிரும் புதிருமா கட்டி வச்சா ஒண்ணு முழிச்சா இன்னொண்ணு தூங்கும், கொஞ்ச நேரத்துல மின்சாரத்த சேத்து வைக்கற கெப்பாசிட்டர் சார்ஜ் ஆகி நிலைமை அப்படியே தலைகீழாகும், தூங்கினது முழிக்கும் முழிச்சது தூங்கும், இப்படி ஒரு செகண்டுக்கு 440 தடவை மாறி மாறி நடந்தா அதத்தான் நாம ஒரு ஸ்வரமா கேக்கறோம். எவ்வளவு சீக்கிரம் சார்ஜ் ஆகுதோ அவ்வளவு உச்ச ஸ்தாயி. வெளிய வர்ற கரண்ட வரைஞ்சு பாத்தா புல்லாங்குழல் மாதிரி வழவழன்னு அலை இருக்காது, கோட்டைச் சுவர் மேல இருக்கற பல்லு மாதிரி மேல ஏறி நிக்கும், சடார்னு கீழ விழும், மறுபடி ஏறும். கிட்டத்தட்ட சதுர அலை.

இந்த சதுரம்தான் சூட்சுமம். எந்த ஸ்வரமும் தனியா வராது, 440-ல பாடினா அதோட ரெண்டு மடங்கு, மூணு மடங்கு, நாலு மடங்குன்னு மேல மேல சன்னமான துணை ஸ்வரங்கள் கூடவே வரும், எது எவ்வளவு பலமா வருதுங்கறத வச்சுதான் இது வீணை இது வயலின்னு காது கண்டுபிடிக்குது. சதுர அலைல ஒத்தப்படை மட்டும்தான் பலமா இருக்கும், 440 அப்புறம் 1320 அப்புறம் 2200.

இப்ப மகுடிய எடுங்க. சுரைக்குடுக்கை, அதுக்குக் கீழ ரெண்டு குழல், ஒண்ணு சுருதிக்கு ஒண்ணு ட்யூனுக்கு. குழலோட வாய்ல சீவி விட்ட ஒரு நாக்கு, காத்து போகப் போக அது மூடித் திறந்து மூடித் திறந்து காத்த துண்டு துண்டா நறுக்கி அனுப்புது. நம்ம வால்வு முழிச்சுத் தூங்கற அதே வேலை! அதோட குழல் நேர்க்குழல், நாதஸ்வரம் மாதிரி போகப் போக அகலமாகற கூம்பு கிடையாது. ஒரு பக்கம் நாக்கு அடைச்ச நேர்க்குழல் இயல்பாவே ஒத்தப்படை துணை ஸ்வரங்களத்தான் தூக்கிக் குடுக்கும், கிளாரினெட்டுக்கும் இதே கதைதான். ஆக மார்ட்டின் மகுடிய நினைச்சுப் பாத்திருக்கவே வேண்டாம், வால்வும் நாக்கும் ஒரே வேலையச் செஞ்சதால ஒரே மூக்குக் குரல் வந்துடுச்சு. கிளாவியோலின் பெட்டில ஃபில்டர் சுவிட்ச் தட்டி அடிச் சத்தத்த வடிகட்டிட்டா மூக்கு இன்னும் கூடும், வைப்ரேட்டோவ போட்டா ஸ்வரம் லேசா நடுங்கும், பாம்பு ரெடி.

அப்ப சாட்டிலைட் எங்க இருந்து வந்துச்சு?

அதுக்கு டெல்ஸ்டார் ட்யூன உருவாக்கி ரெக்கார்டும் பண்ண ஜோ மீக் வீட்டுக்குப் போகணும். லண்டன்ல 304 ஹாலோவே ரோடு, கீழ தோல் சாமான் கடை, மேல மாடிகள்ல மனுஷன் குடியிருந்ததும் ரெக்கார்டு பண்ணதும். ராயல் ஏர்ஃபோர்ஸ்ல ராடார் டெக்னீஷியனா இருந்தவர், சால்டரிங் அயர்ன் பிடிச்ச கை. ஆனா எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது, நோட்ஸ் எழுதத் தெரியாது. டெல்ஸ்டார் ட்யூன வாயால முனகி டேப்ல பதிஞ்சு குடுத்தார், வாசிக்கறவங்க அத கேட்டுப் புரிஞ்சுக்கணும். குழு கிடாரும் டிரம்ஸும் பதிஞ்சிட்டுக் கிளம்பினதுக்கு அப்புறம், அந்த முனகல கீபோர்டுல உக்காந்து உயிர் குடுத்தது ஜெஃப் காடார்டுன்னு இன்னொருத்தர், கடைசில வார்த்தையில்லாம ஒரு குரல் வருமே, அதுவும் அவர்தான். எனக்குக் கேட்டா இந்தப் பாட்டுல பாதிப் புகழ் காடார்டுக்குப் போகணும், ஆனா அவர் பேர் நிறைய பேருக்குத் தெரியாது.

மீக் செஞ்ச மாயம் எக்கோ. டேப் ரெக்கார்டர்ல பதியற ஹெட் ஒண்ணு, கேக்கற ஹெட் ஒண்ணு, நடுவுல கொஞ்சம் இடைவெளி. டேப் செகண்டுக்கு 19 செ.மீ. ஓடுது, ஹெட்டுக்கு நடுவுல 5 செ.மீ.ன்னா, இப்ப பதிஞ்ச சத்தம் கால் செகண்ட் கழிச்சு அந்த ஹெட்டுக்கு வந்து சேரும். அத திரும்பவும் பதியற ஹெட்டுக்கே கொஞ்சமா குடுத்தா ஒரு சத்தம் நாலு அஞ்சு தடவ தேஞ்சு தேஞ்சு ஒலிக்கும். இது போக பாத்ரூம்ல மைக் வச்சு டைல்ஸ்ல மோதி வர்ற சத்தத்த எடுத்தார், ஸ்பிரிங் வழியா சத்தத்த அனுப்பற எக்கோ பெட்டிய சொந்தமா செஞ்சார்.

இதெல்லாம் காதுக்கு என்ன சொல்லுது? நம்ம மூளை சின்ன வயசுல இருந்தே ஒரு கணக்கு பழகி வச்சிருக்கு. சத்தம் சுவர்ல மோதி சீக்கிரம் திரும்பினா ரூம் சின்னது, தாமதமா திரும்பினா பெருசு, நேரா வர்ற சத்தத்த விட மோதி வர்ற சத்தம் அதிகமா இருந்தா பாடறவர் தூரத்துல இருக்கார். கோயில் ஆயிரங்கால் மண்டபத்துல கண்ண மூடிக்கிட்டு நின்னாலும் அது எவ்வளவு பெரிய இடம்னு தெரியறது இதனாலதான். மீக் அந்த மகுடிக் குரல எடுத்து, எந்த மனுஷனும் நின்னுருக்க முடியாத அளவு பெரிய ஒரு இடத்துல வச்சுட்டார். இத்தனைக்கும் நிஜ விண்வெளில காத்தே இல்ல, சத்தமே போகாது, எக்கோவுக்கு மோத சுவரும் கிடையாது. அந்த நிசப்தத்துக்கு மூளைகிட்ட அளவுகோல் இல்ல, பூமில பழகின பெரிய இடத்துக்குத்தான் இருக்கு, அதத்தான் இவர் பிடிச்சார்.

மீக்குக்கு முன்னாடி விண்வெளிக்குன்னே பேர் வாங்கின வாத்தியம் தெரமின். ரஷ்யாவுல 1920 வாக்குல லெவ் தெர்மென் செஞ்சது, கைய படவே விடாம வாசிக்கற வாத்தியம். உள்ள ரெண்டு ரேடியோ ஆசிலேட்டர் (துடிப்ப உண்டாக்கற சர்க்யூட்), ஒண்ணு நிலையா செகண்டுக்கு 1,70,000 தடவ துடிக்குதுன்னு வைங்க, இன்னொண்ணு ஆன்டெனாவோட சேர்ந்தது, நம்ம கை கிட்ட போனா உடம்பே கெப்பாசிட்டரோட ஒரு தகடு மாதிரி ஆகி அதோட துடிப்ப கொஞ்சம் இறக்கும். அது 1,69,560 ஆச்சுன்னா ரெண்டுக்கும் நடுவுல இருக்கற 440 மட்டும் காதுக்கு வரும். தம்புரா சுருதி சேக்கும்போது ரெண்டு தந்தி நூல் பிசகுனா 'வாவ் வாவ்'னு ஒரு அலை கேக்குமே, அதே விஷயம்தான், ரொம்ப வேகமா. இதுல கீபோர்டு மாதிரி கட்டையும் இல்ல, வீணை மாதிரி மெட்டும் இல்ல, ஒரு ஸ்வரத்துல இருந்து இன்னொண்ணுக்கு வழுக்கிக்கிட்டேதான் போகணும், மனுஷக் குரல் மாதிரி ஆனா மூச்சு வாங்காத குரல், அதனாலதான் முதுகு சிலிர்க்குது. 1951-ல வந்த 'தி டே தி எர்த் ஸ்டுட் ஸ்டில்' படத்துக்கு பெர்னார்ட் ஹெர்மன் ரெண்டு தெரமின் போட்டார், வேற்றுகிரகம்னா இந்தச் சத்தம்னு ஆகிப்போச்சு. 1947-ல வந்த 'மியூசிக் அவுட் ஆஃப் தி மூன்' தெரமின் இசைய நீல் ஆம்ஸ்ட்ராங் அப்போலோ 11-ல டேப்ல கொண்டு போய்க் கேட்டார், அத நினைக்கும்போதெல்லாம் எனக்குக் கண்ணு கலங்கும்.

பாட்டுக்குப் பேர் குடுத்த நிஜ டெல்ஸ்டாரும் குட்டிதான், 77 கிலோ, ஒரு மீட்டர்கூட அகலம் இல்லாத உருண்டை, சுத்தி 3600 சோலார் செல், அதுல கிடைச்சது சுமார் 14 வாட், ஒரு டியூப்லைட்டுக்குக்கூட பத்தாது. 1962 ஜூலை 10 அனுப்பினாங்க, அதுக்கு முந்தின நாள்தான் அமெரிக்கா வானத்துல உயரத்துல ஒரு அணுகுண்ட வெடிச்சுப் பாத்திருந்தது, அந்தக் கதிர்வீச்சுல டிரான்சிஸ்டர்கள் கெட்டு நவம்பர்ல சாட்டிலைட் படுத்துடுச்சு. பாட்டு அமெரிக்காவுல நம்பர் ஒன் ஆனது டிசம்பர்ல! ஜனவரில கொஞ்ச நாள் முழிக்க வச்சாங்க, பிப்ரவரில மொத்தமா அடங்கிடுச்சு. மீக்குக்கும் அந்தப் பாட்டுக் காசு கைக்கு வரல, ட்யூன் தன்னுதுன்னு ஒரு ஃபிரெஞ்சு இசையமைப்பாளர் கேஸ் போட்டதுல ராயல்டி நின்னுபோச்சு, 1967-ல மீக் செத்ததுக்கு அப்புறம்தான் மீக் பக்கம் தீர்ப்பு வந்துச்சு.

இத நீங்களே வீட்ல செஞ்சு பாக்கலாம், போன்ல எந்த சிந்தசைசர் ஆப்பும் போதும். சதுர அலைய எடுங்க, ஒரு ஸ்வரம் மட்டும் பேசற மாதிரி வைங்க, வைப்ரேட்டோ செகண்டுக்கு ஆறு தடவ, அடிச் சத்தத்த ஃபில்டர்ல வெட்டுங்க. நான் அன்னிக்கு சாயந்திரமே வச்சு, நமக்கெல்லாம் தெரிஞ்ச புன்னாகவராளி மகுடி ட்யூன ரெண்டு வரி வாசிச்சேன், அம்மா திரும்பக்கூட இல்ல, "ஆமா, அதேதான்"னாங்க. அதே ரெண்டு வரிய எக்கோவ 260 மில்லிசெகண்டுல வச்சு, ரிவெர்ப (சுவர்ல மோதி வர்ற சத்தத்த) ஏத்தி மறுபடி வாசிச்சேன். கத்திரிக்கா நறுக்கிட்டிருந்தவங்க கைய நிறுத்தி ஜன்னல் பக்கம் பாத்தாங்க. "இது எங்கடா, ரொம்ப தூரத்துல கேக்குது?"